ஓடுபவருக்கு உடம்பு எவ்வளவு வளைந்தால் போதும்?

இரணைமடு ஓட்டக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் வயது 38, ஊர் கிளிநொச்சி. நான்கு ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாட்கள் விடியற்காலையில் ஓடி வருகிறேன். இரணைமடுக் குளப் பக்கமாகச் செல்லும் கிரவல் பாதைதான் என் வழக்கமான தடம். கடந்த தை மாதத்தில் 10 கிலோமீற்றரை 52 நிமிடத்தில் ஓடினேன். தொடையின் பின்புறம் எப்போதும் இறுகியே இருக்கிறது என்ற எண்ணத்தில் அதே மாதம் ஒரு யோகாசன வகுப்பில் சேர்ந்தேன். பிறகு அந்த ஆசனங்களை வீட்டிலும், ஓடப் போகுமுன், நாலரை மணிக்கு எழுந்து செய்யத் தொடங்கினேன். சேர்ந்த காலத்தில் குனிந்து கணுக்காலைத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது. எட்டு மாதங்கள் கழிந்த இப்போது பச்சிமோத்தானாசனத்தில் (கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) நெற்றி முழங்காலில் படுகிறது. அப்படியே மூன்று நிமிடம் இருக்கவும் முடிகிறது.

ஆனால் இரண்டு சிக்கல்கள் வந்திருக்கின்றன. ஓடத் தொடங்கி முதல் ஐந்நூறு மீற்றருக்குள், உட்காரும்போது தரையில் படும் எலும்பு இருக்கிறதே, இடது பக்கத்தில் அந்த எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்துவது போல ஒரு வலி எழுகிறது. உடம்பு சூடேறியதும் அது மறைந்துவிடும். ஆனால் மறுநாள் வவுனியாவுக்குப் பேருந்தில் போகும்போது, மாங்குளம் வருவதற்குள் வலப்பக்கம் சரிந்து உட்காரவேண்டி வருகிறது. இரண்டாவது, ஆவணி மாதத்தில் அதே 10 கிலோமீற்றருக்கு 56 நிமிடம் பிடித்தது.

வகுப்பு நடத்துபவர், இறுக்கம் இன்னும் முழுமையாக விடவில்லை, ஆகவே மேலும் ஆழமாக நீட்டவேண்டும் என்கிறார். என்னுடன் ஓடும் நண்பரோ யோகாசனத்தை அடியோடு விட்டுவிடச் சொல்கிறார். எனக்கு இரண்டையும் விட மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லவேண்டும்.

முல்லைத்தீவு உடற்கல்வி

தம்பி, நான் முப்பது ஆண்டுகள் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. சிறு வயதில் கெற்றப்போல் கட்டியிருப்பீர்கள். சைக்கிள் ரியூப்பில் புதிதாக வெட்டிய இறப்பர் கல்லை எவ்வளவு தூரம் வீசும், இழுத்து இழுத்துத் தளர்ந்த இறப்பர் எவ்வளவு தூரம் வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓடுபவரின் கெண்டைக்காலும், அதைக் குதிகாலுடன் இணைக்கும் குதிநாணும் அப்படிப்பட்டவையே. பாதம் தரையில் ஊன்றும்போது அவை இழுபட்டுச் சக்தியைச் சேர்த்து வைத்து, பாதம் எழும்பும்போது திருப்பிக் கொடுக்கின்றன. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மரதன் ஓட்டத்திற்கு முன் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி நீண்ட நேரம் நீட்டவைக்கும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. பின்னாளில் நான் அதை நிறுத்திவிட்டு, விரைவு நடை, முழங்காலை உயர்த்திய மெதுவான ஓட்டம், கால் வீச்சு ஆகியவற்றையே செய்வித்தேன். நெற்றி முழங்காலைத் தொடுவதற்கும் ஓட்டத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓடும்போது எந்தக் கட்டத்திலும் உங்கள் உடம்பு அந்த வடிவத்திற்கு வருவதில்லை அல்லவா?

இயன்மருத்துவம் பரந்தன்

நான் இயன்மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நேரில் பரிசோதிக்காமல் முடிவாக எதையும் சொல்லக்கூடாது என்றாலும், நீங்கள் விவரித்த வலி தொடைப் பின்தசையை எலும்புடன் இணைக்கும் நாண் அதன் மேல் முனையில், அதாவது உட்காரும் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில், நலிவடைந்திருப்பதன் அடையாளங்களுடன் மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. தொடக்கத்தில் வலி, சூடேறியதும் மறைவு, மறுநாள் நீண்ட நேரம் உட்கார்ந்தால் மீண்டும் வலி என்ற இந்த ஒழுங்கை நெடுந்தூரம் ஓடுபவர்களிடமும், குனியும் ஆசனங்களை ஆழமாகச் செய்பவர்களிடமும் காண்கிறோம். நீங்கள் இரண்டையும் செய்கிறீர்கள்.

அந்த இடத்தில் நடப்பதை விளங்கிக்கொண்டால் மருந்து தானாகவே விளங்கும். இடுப்பை முழுதாக மடக்கி, முழங்காலை நீட்டிக் குனியும்போது, அந்த நாண் இழுபடுவதோடு மட்டும் நிற்பதில்லை. எலும்பின் மேல் வைத்து அழுத்தவும் படுகிறது. இழுவையைத் தாங்கப் பழகிய நாணுக்கு இந்த அழுத்தம் ஒத்துவராது. அழுத்தம் கூடக் கூட நாண் எரிச்சலடைகிறது. எரிச்சலடைந்த நாணுடன் சேர்ந்த தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகுகிறது. அந்த இறுக்கத்தைக் கண்டு நாம் இன்னும் நீட்டுகிறோம். உங்கள் வகுப்பில் சொல்லப்பட்ட ஆலோசனை இந்தச் சுற்றுக்குள்தான் உங்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. இறுகியதாக உணரப்படும் தசை எல்லாம் குறுகிய தசை அல்ல. பல வேளைகளில் அது வலுக் குறைந்த அல்லது களைத்த தசையே.

ஆசிரியர் ஐயா சொன்ன கெற்றப்போல் உவமையை நான் மிகவும் விரும்புகிறேன். 1987இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, ஓடும் 70 கிலோகிராம் மனிதரின் உடல் ஒவ்வொரு ஊன்றலிலும் ஏறத்தாழ 100 யூல் சக்தியை இழந்து மீளப் பெறுகிறது. அதில் சுமார் 35 யூலைக் குதிநாணும் 17 யூலைப் பாதத்தின் வளைவும் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கின்றன. இருப்பினும் உவமையின் ஓரிடத்தில் சிறு திருத்தம் தேவை. சில மாத ஆசனப் பயிற்சியால் நாண் பழைய இறப்பர் போலத் தளர்ந்துவிடுவதில்லை. கூடுதலாக வளைய முடிவதற்கு முக்கிய காரணம், இழுவையை நரம்பு மண்டலம் முன்பைவிட அதிகம் பொறுத்துக்கொள்ளப் பழகியதுதான். 2002இல் சர்வதேசத் தரத்திலான 34 நெடுந்தூர ஓட்டவீரர்களை அளந்தபோது, உட்கார்ந்து குனிந்து எட்டும் சோதனையில் குறைவாக எட்டியவர்களே குறைந்த ஒட்சிசனில் ஓடினார்கள் என்பது உண்மை. ஆனால் 2001இல் மாணவர்களுக்குப் பத்து வாரங்கள் நீட்டற் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் கூடுதலாக வளைந்தார்களே தவிர ஓட்டத்தின் சிக்கனம், அதாவது ஒரே வேகத்தில் ஓடச் செலவாகும் ஒட்சிசனின் அளவு, மாறவில்லை. ஆகவே யோகாசனம் உங்களை மெதுவாக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தை மாதக் குளிரில் ஓடிய ஓட்டத்தையும், ஆவணி மாதச் சோளகக் காற்றிலும் வெக்கையிலும் ஓடிய ஓட்டத்தையும் நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு பங்கு வெக்கைக்கும் இன்னொரு பங்கு வலியால் குறுகிய இடது எட்டுக்கும் உரியதாக இருக்கலாம்.

ஓடுமுன் ஒரு தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் அசையாமல் நீட்டி வைத்தால் சிறிது நேரத்திற்கு அதன் விசை குறைகிறது என்பதும் தெரிந்த விடயம். காயத்தைத் தடுக்கும் என்று நம்பிச் செய்வதானால், அதற்கும் ஆதாரம் மெலிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அவுஸ்திரேலிய இராணுவப் பயிலுநர் 1538 பேரில் ஒரு பகுதியினர் பயிற்சிக்கு முன் நீட்டினார்கள், மற்றவர்கள் நீட்டவில்லை; 12 வாரங்களின் முடிவில் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இப்போது செய்யவேண்டியவை. குனியும் ஆசனங்கள் அனைத்தையும், நின்றபடி குனியும் உத்தானாசனம் உட்பட, தற்போதைக்கு நிறுத்துங்கள். ஓட்டத்தை நிறுத்தவேண்டாம், வேகத்தையும் ஏற்றங்களையும் மட்டும் விலக்கி, வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்றுக்கு மேற்படாத அளவில், மறுநாள் காலையில் வலி கூடாத அளவுக்குச் சமதரையில் ஓடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துச் செய்யும் சேதுபந்தாசனத்தில் குதிகாலைச் சற்றுத் தள்ளி வைத்து, இடுப்பை உயர்த்தி, 40 விநாடி வீதம் ஐந்து முறை தாங்குங்கள். அது இலகுவானதும் ஒற்றைக் காலால் தாங்குங்கள். அதன் பிறகே பாரம் தூக்கிக் குனியும் பயிற்சிக்குப் போகலாம். இந்த நாண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வவுனியா யோக ஆசிரியை

இந்த இழையை இரண்டு முறை வாசித்தேன். பதினான்கு ஆண்டுகளாக ஆசனம் கற்பிப்பவள் என்ற முறையில், தம்பியின் வலியில் எங்கள் துறைக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெற்றி எங்கே படுகிறது, கை எதுவரை எட்டுகிறது என்று அளந்து பாராட்டும் பழக்கம் எங்கள் வகுப்புகளில் வேரூன்றிவிட்டது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தின் இலக்கணமாகச் சொல்லப்படுவது இரண்டே சொற்கள்: ஸ்திரம், சுகம். நிலைத்திருக்கவேண்டும், இதமாக இருக்கவேண்டும். எவ்வளவு வளையவேண்டும் என்ற அளவு அந்தச் சூத்திரத்தில் இல்லை.

ஆயினும், "எந்தத் தொடர்பும் இல்லை" என்று ஆசிரியர் ஐயா எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடுபவர் தரையைத் தொடும்போதெல்லாம் ஒற்றைக் காலில்தான் தொடுகிறார். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்கும்போது பாதத்தின் உட்பக்க வளைவு எப்படி உழைக்கிறது, இடுப்பின் பக்கத் தசை எப்படி நடுங்குகிறது என்பதைக் கவனித்தவருக்கு அந்தத் தொடர்பு தெரியும். ஓடும்போது கால் பின்னால் போகவேண்டும். நாள் முழுவதும் மோட்டார் சைக்கிளிலும் மேசையிலும் இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு காலை முன்னே வைத்து மற்றக் காலின் முழங்காலைப் பின்னே ஊன்றும் ஆஞ்சநேயாசனம் அந்த இடத்தைத்தான் திறக்கிறது. வீரபத்ராசனத்தின் மூன்றாம் நிலையும் (ஒற்றைக் காலில் நின்று உடம்பை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டுவது) சலபாசனமும் (குப்புறப் படுத்துக் கால்களை உயர்த்துவது) பின்தொடையை நீட்டுவதைவிட வேலை வாங்குவதே அதிகம். ஆனால் மூன்றாம் நிலையில் இடுப்பு மடங்குவதால், தம்பி அதைக் கடைசியாகவே சேர்க்கவேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாலரை மணிக்கு எழுந்தவுடன் ஆழமாகக் குனிவது முதுகுக்கும் நல்லதல்ல. இரவில் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் மணித்தியாலத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் பகலைவிட அதிகம். விடியலில் ஆசனம் செய்வது மரபு என்பதால் இதைச் சொல்ல எனக்கும் தயக்கமாக இருந்தது. இப்போது என் வகுப்பில் காலை வேளைக்கு மூச்சுப் பயிற்சியும் நின்ற ஆசனங்களும், குனிபவற்றுக்கு மாலையும் என்று பிரித்துவிட்டேன். அதுபோல, வெயிலில் ஓடிவந்து உடம்பு கொதிக்கும்போது, இன்றைக்கு நன்றாக வளைகிறது என்று நம்பி எல்லைக்கு அப்பால் போகாதீர்கள். களைத்த தசைக்குத் தன் எல்லையை உணர்த்தத் தெரியாது.

விசுவமடு வயல்

நான் வாசிப்பதற்காக மட்டும் இந்தப் பக்கம் வருகிறவன்; யோகாசனம் பழகியதில்லை. ஒரு சந்தேகம். நாங்கள் சிறு வயதிலிருந்து குந்தியிருந்து சாப்பிட்டவர்கள், குந்தியிருந்து களை பிடுங்கியவர்கள். குதிகால் நிலத்தில் படக் குந்துவதை மலாசனம் என்று பெயரிட்டு வாரக்கணக்கில் பழக்குகிறார்கள் என்று என் மகள் காணொளி காட்டினாள். எங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் வளைவுக்கு மேல் இன்னும் வேண்டுமா? கால போகத்தில் விதைப்பு முடிந்த கையோடு பின்னேரம் ஓடினால் முதுகின் அடிப்பகுதிதான் பிடிக்கிறது, தொடை அல்ல.

இயன்மருத்துவம் பரந்தன்

அண்ணா, இந்த இழையில் யாரும் கேட்காத முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நூல்களும் காணொளிகளும் நாற்காலியிலேயே வளர்ந்தவர்களை எண்ணி எழுதப்பட்டவை. அவர்களுடைய கணுக்காலும் இடுப்பும் மடங்காததால் திறக்கும் பயிற்சிகள் அவர்களுக்கு அவசியமாகின்றன. குதிகால் தூக்காமல் குந்தக்கூடிய வன்னி விவசாயிக்குக் கணுக்காலில் ஓட்டத்திற்குத் தேவையானதைவிட அதிக மடிப்பு உண்டு. உங்களுக்கு வேண்டியது, இருக்கும் வளைவின் எல்லைவரை பாரம் தாங்கும் வலு. நாள் முழுவதும் குனிந்து நின்ற முதுகுக்கு மீண்டும் குனியும் ஆசனம் கொடுக்காதீர்கள். சலபாசனமும், குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனமும் செய்து, பதினைந்து நிமிடமாவது நிமிர்ந்து நடந்துவிட்டு ஓடுங்கள். விதைப்பு நாட்களில் ஓடாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது. அந்த வேலையே பயிற்சிதான்.

புதுக்குடியிருப்பு

பரந்தன் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். 2009இல் என் வலது தொடையின் பின்புறத்தில் எறிகணைச் சிதறல் பட்டது. ஒரு சிறு துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கடற்கரையில் மெதுவாக ஓடுகிறேன். அது எனக்கு மருந்துபோல. ஆசனம் செய்யும்போது வடு உள்ள இடம் மட்டும் மற்ற இடங்களுடன் சேர்ந்து நீளாமல் தனியாக இழுபடுகிறது. சில வேளைகளில் மின்சாரம் பாய்ந்தது போலப் பாதம் வரை இறங்குகிறது. பழகினால் சரியாகிவிடுமா?

இயன்மருத்துவம் பரந்தன்

தங்கச்சி, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு தசையினுடையது அல்ல, நரம்பினுடையது. அந்த உணர்வு வரும் நிலையில் ஒரு விநாடிகூடத் தங்கவேண்டாம். வடுவில் உள்ள இழையம் தசையைப் போல நீளாது; அதனுடன் நரம்பு ஒட்டியிருந்தால் நீட்டுவதால் நரம்பே இழுபடும். பழைய எக்ஸ்ரே படத்துடன் வைத்தியரைச் சந்தியுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பினால், உள்ளே உலோகத் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கருவி வலிமையான காந்தம். ஓட்டத்தைப் பொறுத்தவரை, கால் மரத்துப்போகாமலும் வலுக் குறையாமலும் இருக்கும்வரை வைத்தியரைக் காணும்வரைக்கும் மெதுவாகத் தொடரலாம். மென்மணலில் குதிகால் ஆழப் புதையும், கெண்டைக்கால் அதிகம் இழுபடும். அலை நனைத்து இறுகிய மணலில் ஓடுங்கள். அங்கே கரை சரிந்திருப்பதால் போகும்போதும் வரும்போதும் சம தூரம் ஓடுங்கள்.

முல்லைத்தீவு உடற்கல்வி

யோக ஆசிரியை அவர்கள் எழுதியதை ஏற்கிறேன். "எந்தத் தொடர்பும் இல்லை" என்று நான் எழுதியது மிகை. ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை நானும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஆசனம் என்று பெயர் இருப்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வேண்டுகோள்: தம்பி வாரத்தை எப்படி அமைத்துக்கொள்கிறார் என்பதை இங்கே எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும். வேகமாக ஓடிய நாளிலேயே கடினமான ஆசனங்களையும் செய்துவிட்டு அடுத்த நாளை முழு ஓய்வாக விடுவது, இரண்டையும் நாளுக்கு நாள் மாற்றிச் செய்து ஒரு நாளும் ஓய்வில்லாமல் இருப்பதைவிட நல்லது என்பது என் அனுபவம்.

இரணைமடு ஓட்டக்காரன்

மூன்றரை மாதங்களின் பின் எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடியே குனியும் ஆசனங்களை விட்டேன். முதல் இரண்டு கிழமையும் எதையோ இழந்துவிட்டது போல இருந்தது. எட்டு மாத உழைப்பு அல்லவா. வகுப்பு நடத்துபவரிடம் பரந்தன் அக்கா எழுதியதைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, மற்றவர்கள் குனியும் நேரத்தில் எனக்குச் சேதுபந்தாசனத்தைத் தந்தார். தொடக்கத்தில் 40 விநாடியில் இடது தொடை நடுங்கியது. வலது தொடை அசையவில்லை. அதைக் கண்ணால் பார்த்தபோதுதான், இறுக்கம் என்று நான் நினைத்தது வலுவின்மை என்பது விளங்கியது. ஆறாவது கிழமையில் ஒற்றைக் காலுக்கு மாறினேன். இப்போது பத்துக் கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து, முதுகு வளையாமல் பாதி அளவுக்குக் குனிந்து எழும்புகிறேன்.

செவ்வாயும் சனியும் வேகமாக ஓடுகிறேன். அன்று மாலையில் நின்ற ஆசனங்களும் பாரப் பயிற்சியும். புதனும் ஞாயிறும் ஓட்டமில்லை, ஆசனமுமில்லை, மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் மட்டும். மற்றைய நாட்களில் மெதுவான ஓட்டம். ஓடுமுன் பாயை விரிப்பதே இல்லை. வீட்டு வாசலிலிருந்து சந்திவரை விரைவாக நடக்கிறேன், அவ்வளவுதான். ஐப்பசி மழை தொடங்கியதும் கிரவல் பாதை சேறாகி வழுக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் விருட்சாசனத்தின் பயனை உணர்ந்தேன்; பாதம் விலகிய இடத்தில் இடுப்பு விலகாமல் நின்றது.

நெற்றி இப்போது முழங்காலைத் தொடுமா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. சென்ற ஞாயிறு மட்டும் விதிவிலக்காக 10 கிலோமீற்றரை 53 நிமிடத்தில் ஓடினேன். மார்கழிக் குளிருக்கும் அதில் பங்குண்டு என்பதை மறக்கவில்லை. திங்கட்கிழமை வவுனியாவுக்குப் போனேன். மாங்குளம் கடந்து, புளியங்குளமும் கடந்து, ஓமந்தை வந்த பிறகுதான் இடது பக்கம் இருக்கிறது என்ற நினைவே வந்தது.

பரந்தன் அக்காவிடம் ஒரு கேள்வி: பாரத்தை இனிப் பதினைந்து கிலோவாகக் கூட்டலாமா, அல்லது தைப்பொங்கல் வரை பத்திலேயே நிற்கவேண்டுமா?

இயன்மருத்துவம் பரந்தன்

பன்னிரண்டரைக்குப் போங்கள். திரும்பி வரும் பயணத்திலும் வலி இருக்கவில்லையா என்பதையும் எழுதுங்கள்.